கை காட்டினால் ஒரு பாட்டு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் சிறப்பாசிரியர்களுக்கு,

உங்கள் பயிற்சி மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லி ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பாவம், உச்சி வெயிலில் வந்து நின்றாள், சரி என்று சொல்லிவிட்டேன். நல்ல வார்த்தைகளை மற்றவர்கள் எழுதிக் குவித்திருப்பார்கள். நான் செய்த ஒரு கெட்ட காரியத்தை எழுதுகிறேன். முப்பது வருடம் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பார்வையில்லாத பிள்ளைகளோடும் மற்றப் பிள்ளைகளோடும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போனவள் நான். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி, வாயும் கொஞ்சம் நீளம். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு தலைவர் உரைக்குப் போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் காலத்தில் ‘சனிக்கிழமைப் பாட்டு’ என்று ஒன்று நடத்தினோம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பழைய கூடம், தரையில் பாய், அவ்வளவுதான். கண் தெரியாத பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை, அவர்களுடைய அண்ணன் தங்கைகள் எல்லாரும் வருவார்கள். பிள்ளையை விட்டுவிட்டு வெளியே மரத்தடியில் கதை பேசப் போக யாருக்கும் அனுமதி கிடையாது. கூட வந்தவரும் பாயில் உட்கார்ந்து தட்ட வேண்டும், பாட வேண்டும். வாத்தியம் வாங்கக் காசு ஏது? எண்ணெய் டின், சாப்பாட்டுத் தட்டு, கொட்டாங்கச்சி, புளியங்கொட்டை போட்டு மூடிய பால் பவுடர் டப்பா, இவைதான் எங்கள் வாத்தியங்கள்.

அங்கே ஒரே ஒரு சட்டம் இருந்தது. யாரும் கையால் பேசக் கூடாது. வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கண் தெரியாது. அவர்களிடம் போய் விரலை நீட்டி “அங்க உக்காரு” என்றால் எங்கே உட்காரும்? “இப்படித் தட்டு” என்று தட்டிக் காட்டினால் எப்படித் தட்டும்? அதனால் கூடத்துக்குள் யார் கையைக் காட்டினாலும், தலையை ஆட்டினாலும் அபராதம். நடுவில் நின்று தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டும்.

இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். அதைத் தூக்கிப் பிடித்தவர்கள் அவர்கள். பொண்டாட்டி புருஷனைப் பிடிப்பாள், புருஷன் மாமியாரைப் பிடிப்பார், ஒரே சிரிப்பாக இருக்கும். நைனார்பாளையத்திலிருந்து ஒருவர் தன் பேத்தியைக் கூட்டி வருவார். அவருக்கு ஒரு பாட்டும் தெரியாது. மாட்டிக்கொண்ட அன்றைக்கு எழுந்து நின்று, பஸ் கண்டக்டர் கணக்காக வழியிலுள்ள ஊர்ப் பேரையெல்லாம் ராகம் போட்டு இழுத்தார். அப்புறம் வாரா வாரம் பிள்ளைகள் “ஊர்ப் பாட்டு, ஊர்ப் பாட்டு” என்று அவரை விட மாட்டார்கள். பாவம் மனிதர், அபராதம் இல்லாமலேயே பாடினார்.

கை காட்டுகிறவர்களைப் பிடிப்பதில் ஏழுமலையை மிஞ்ச ஆளில்லை. வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர்க்காரர். சொந்தமாகக் காணி கிடையாது. மரவள்ளி பிடுங்குவது, வரப்பு கட்டுவது என்று அன்றன்றைக்குக் கிடைத்த வேலைக்குப் போகிறவர். சனிக்கிழமைக் கூலியை விட்டுவிட்டு, மகள் கனகாவைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் மலையிறங்கி வருவார். கனகாவுக்கு ஏழு வயது, பிறவியிலேயே பார்வை இல்லை. அம்மாவிடம் கைக்குழந்தை இருந்ததால் அப்பாதான் வந்தார். அப்பாமார் வருவதே அபூர்வம், வந்தாலும் வாசலோடு சரி. இவர் டின்னை மடியில் வைத்துக்கொண்டு நடுப்பாயில் உட்காருவார். என்னையே இரண்டு தடவை பிடித்திருக்கிறார். “டீச்சர், கை! கை! பாத்துட்டன்!” என்று அவர் கத்துவது இப்போதும் காதில் கேட்கிறது.

கனகா சும்மா பாடுகிற பிள்ளை இல்லை, பாட்டுக் கட்டுகிற பிள்ளை. மலைப் பாதையில் வளைவு வரும்போதெல்லாம் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனித்துக்கொண்டே வருவாளாம். “வளையுது வளையுது பஸ்ஸு வளையுது, சாஞ்சிக்கோ சாஞ்சிக்கோ” என்று அதையே பாட்டாக்கிவிட்டாள். ஏழுமலை டின்னில் டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டுவார். அதுதான் அவளுக்கு அடையாளம். உடனே முதல் அடியைப் பிடிப்பாள், வந்திருக்கும் பதினோரு குடும்பமும் பின்னாலேயே பாடிக்கொண்டு இடமும் வலமுமாகச் சாயும். பாயில் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து எழுந்திருக்கவே நேரமாகும்.

ஏழுமலைக்கு ஒரே ஒரு ஆசை. மகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும்.

“சாயந்தரம் வூட்டுக்கு வர்ற பள்ளிக்கூடமா இருக்கணும் டீச்சர். தூரத்து ஹாஸ்டல்லாம் வாணாம். ஏழு வயசுப் புள்ள, ஆத்தாள வுட்டுட்டு எப்டிங்க இருக்கும்?”

ஊர்த் தலைமையாசிரியரிடம் நான் நாலு தடவை போய்ப் பேசினேன். கெட்டவர் இல்லை, பயந்தவர். “நான் ஒருத்தன் நாப்பது புள்ளைங்கள வெச்சிக்கினு அல்லாடறேன். இத யாரு பாத்துக்கறது டீச்சர்?” என்பார். கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்க ஆண்டு விழாவுக்கு ஒரு தடவை வந்து பாருங்க சார். மத்த பிள்ளைங்களோட உக்காந்து அவ என்னவெல்லாம் பண்றான்னு கண்ணால பாருங்க. அப்புறம் சொல்லுங்க” என்றேன். வருகிறேன் என்றார். வரவும் வந்தார்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பஸ் பாட்டுதான் எங்கள் நிகழ்ச்சி. மேடைக்குப் பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் பதினோரு குடும்பமும் டின்னும் தட்டுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். வந்ததும் அவருக்குக் கிளம்ப வேண்டும். விழாப் பொறுப்பாளர் என்னிடம் ஓடி வந்தார்.

“மேடம், ஒரே ஒரு அயிட்டம். ரெண்டு நிமிசம்தான். மனசத் தொடுற மாதிரி ஏதாவது போடுங்க.”

பதினோரு குடும்பம் மேடையேறிப் பாய் விரித்து உட்காரவே ஐந்து நிமிடம் ஆகும். அப்போது என் மூளை வேலை செய்த விதத்தை மறைக்காமல் சொல்கிறேன். கண் தெரியாத ஒரு சின்னப் பெண் தனியாக மேடையில் நின்று பாடினால் மனதைத் தொடும். விருந்தினர் மனதையும் தொடும், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர் மனதையும் தொடும். அவள் எல்லாரோடும் உட்கார்ந்து செய்வதைப் பாருங்கள் என்று சொல்லித்தான் அந்த மனிதரை மலையிலிருந்து வரவழைத்தேன். இரண்டு நிமிடம் என்றதும் அதை மறந்தே போனேன்.

“நானும் கூட நின்னு டின்னத் தட்டறனே டீச்சர்? ஓரமா நிக்கறன்” என்றார் ஏழுமலை.

“வேணாங்க ஏழுமலை. அவ தனியா நின்னாத்தான் நல்லா இருக்கும். நீங்க கீழ போய் உக்காந்து பாருங்க.”

கொஞ்சம் தயங்கினார். டின்னைத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கனகாவை மைக்குக்கு முன்னால் நிறுத்தி, “நான் ஆரம்பின்னு சொன்னதும் பாடணும். அதுக்கு முன்னாடி வாயத் திறக்கக் கூடாது, தெரியுதா?” என்று கண்டிப்பாகச் சொன்னேன். “சரி டீச்சர்” என்றாள்.

நான் மேடைக்குக் கீழே இறங்கி எதிரில் நின்றேன். பொறுப்பாளர் பின்னாலிருந்து “சீக்கிரம், சீக்கிரம்” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் கையை உயர்த்தி, ஆரம்பி என்று காட்டினேன்.

ஆமாம். கையைத்தான் காட்டினேன். அத்தனை வருடம் பார்வையில்லாத பிள்ளைகளோடு வேலை பார்த்தவள், அந்தச் சட்டத்தையே போட்டவள், பார்வையில்லாத பிள்ளைக்குக் கையைக் காட்டினேன்.

கனகா தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். நான் இன்னும் பெரிதாகக் கையை வீசினேன். அவள் அப்படியே நின்றாள். சபையில் சலசலப்பு எழுந்தது. ஏழுமலை கடைசி வரிசையில் எழுந்து மேடையைப் பார்த்து வர ஆரம்பித்தார். அவரை உட்காரச் சொல்லி ஒரு கையைக் காட்டினேன், அவர் உட்கார்ந்துவிட்டார். திரும்பவும் கனகாவுக்கு மூன்றாம் முறையாகக் கையை ஆட்டினேன். அப்போதுதான் அந்தரத்தில் நின்ற என் கை என் கண்ணிலேயே பட்டது.

‘கனகா, ஆரம்பி’ என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பிள்ளை மண்டபத்தையே கட்டிப் போட்டிருப்பாள். ஆனால் அதற்குள் விருந்தினர் எழுந்துவிட்டார். பொறுப்பாளர் இன்னொரு மைக்கை என் கையில் திணித்து “எதாவது சொல்லுங்க மேடம்” என்றார். நான் சொன்னேன்: “குழந்தை கூட்டத்தப் பார்த்துப் பயந்துடுச்சு. அவளுக்காக எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க.”

கண் தெரியாத பிள்ளையை, ‘பார்த்து’ என்று வேறு சொன்னேன். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். விருந்தினர் கனகாவின் தலையைத் தடவிப் பொன்னாடை போர்த்தினார், போட்டோ எடுத்தார்கள். நான் மேடையேறி அவளைப் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டு வரும்போது மெதுவாகக் கேட்டாள்.

“நான் பாடவே இல்லியே டீச்சர். எதுக்குக் கை தட்றாங்க?”

அவளை ஏழுமலையின் கையில் ஒப்படைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

இதற்குள் தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். “பாவம் டீச்சர், பாக்கவே மனசு கேக்கல. சேத்துக்கறேன். ஒரு ஓரமா ஒக்காந்துக்கினு இருக்கட்டும், மதியம் சாப்பாடு கெடைக்குமில்ல” என்றார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. வேலை முடிந்துவிட்டதே! அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கத்தோடுதான்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவும் மகளும் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. மூன்றாவது வாரம் நானே வெள்ளிமலைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஜீப் பிடித்துப் போனேன். ஜீப்பை விட்டு இறங்கியதுமே பிள்ளைகள் எனக்கு முன்னால் ஓடிச் சேதி சொல்லிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஏழுமலை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கனகா படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்த எண்ணெய் டின். அவளுடைய அம்மா கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

“அன்னிக்கு இன்னா ஆச்சு டீச்சர்?” என்று கேட்டார் ஏழுமலை. கேட்கும்போது அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது எதற்கான சிரிப்பு என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

உண்மையைச் சொல்லத்தான் கிளம்பினேன் என்று பல வருடம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இல்லை. மலைக்காட்டுக் கூலிக்காரர், பின்னால் உட்கார்ந்திருந்தவர், இவருக்கு என்ன தெரிந்திருக்கப் போகிறது என்கிற நினைப்பு எனக்குள் இருந்தது. சொல்லவே கூசுகிறது, ஆனால் இருந்தது.

“ஒண்ணும் இல்லைங்க. கொழந்த பயந்துட்டா. முத மேடை இல்லையா? போகப் போகப் பழகிடும். விடுங்க, நல்ல சேதி கொண்டாந்திருக்கேன். ஹெட்மாஸ்டர் சேர்த்துக்கறேன்னுட்டாரு!”

ஏழுமலையின் சிரிப்பு மறைந்தது. படியில் கனகா டின்னை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

“எம் பொண்ணு பயப்புடற புள்ள இல்லீங்க” என்றார்.

“சரி, சரி. திங்கக்கிழமையே கூட்டிக்கிட்டுப் போய்ச் சேர்த்துடுங்க.”

“ஹெட்மாஸ்டரு எங்கிட்டயும் சொன்னாருங்க. ஓரமா ஒக்காந்துக்கினு இருக்கட்டும்னாரு. ஓரமா ஒக்காரத்துக்கு எதுக்குங்க பள்ளிக்கூடம்? ஓரம் வூட்லயே இருக்குது.”

நான் எவ்வளவோ பேசினேன். கோபப்பட்டுக்கூடப் பேசினேன், வந்த வாய்ப்பை விடாதீர்கள் என்று. அவர் மசியவில்லை. மரியாதையாக ஜீப் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டார். அவர்கள் பிறகு சனிக்கிழமைப் பாட்டுக்கு வரவே இல்லை. அடுத்த ஜூனில் வேறு யாரோ ஏற்பாடு செய்து கனகாவை ஒரு தூரத்து ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எந்த ஹாஸ்டல் வேண்டாம் என்று அந்த மனிதர் வாரா வாரம் மலையிறங்கி வந்தாரோ, அங்கேயேதான். அன்று நான் என் வீட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுதேனே தவிர, யாரிடமும் போய் எதையும் சொல்லவில்லை.

பஸ் பாட்டையும் அதற்குப் பிறகு நாங்கள் பாடவில்லை. பிள்ளைகள் கேட்டால் வேறு பாட்டை ஆரம்பித்துவிடுவேன். கை காட்டக் கூடாது என்ற சட்டம் மட்டும் இருந்தது. யாராவது மாட்டிக்கொண்டு எல்லாரும் சிரிக்கும்போது என்னால் முன்போல் சிரிக்க முடிந்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு திருக்கோவிலூரில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன்னால், ரேஷன் கார்டில் ஒரு பெயர் திருத்த வேண்டும் என்று தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். அங்கே எழுத்தரிடம் என் வழக்கப்படி சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் முகத்தை என் பக்கம் திருப்பினாள். கையில் வெள்ளைக் கோல்.

“சனிக்கிழமை டீச்சரா?”

“யாரும்மா?”

“கனகா டீச்சர். வெள்ளிமலை ஏழுமலை பொண்ணு. உங்க கொரலு அப்டியே இருக்குது.”

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கலகலவென்று பேசினாள். இப்போது அவளும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, ஏதோ சான்றிதழுக்காக வந்திருக்கிறாள். “பத்து வருசம் ஹாஸ்டல்லயே போச்சு டீச்சர். லீவுக்கு வூட்டுக்குப் போனா, தம்பி என்னை விருந்தாளின்னு நெனச்சி வெளாட வர மாட்டான்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்பாவுக்கு முட்டி வலி, மற்றபடி சௌக்கியம் என்றாள்.

இப்போதும் சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

“கனகா, அன்னைக்கு விழாவுல நீ பயப்படலம்மா. நான் ஆரம்பின்னு வாயால சொல்லவே இல்ல. கையத்தான் காட்டினேன்.”

“தெரியும் டீச்சர்” என்றாள்.

“தெரியுமா? எப்படி?”

“அன்னிக்கே பஸ்ஸுல அப்பா சொல்லிட்டாரு. நீங்க சொன்னது எனக்குத்தான் காதுல வுழலியோன்னு நான் அழுதுக்கினே வந்தேன். அப்பா சொன்னாரு, ‘அழுவாத, டீச்சரு கையக் காட்டிட்டாங்க. ஒனக்கு மூணு வாட்டி, எனக்கு ஒரு வாட்டி. நான் எண்ணிக்கினுதான் இருந்தேன். வரட்டும், நாலு பாட்டுப் பாடாம வுடறதில்ல’ன்னாரு. அதக் கேட்டு நான் சிரிச்சிட்டேன்.”

“அப்புறம் ஏம்மா சனிக்கிழமைக்கு வரல?” என்று கேட்டேன்.

“அடுத்த சனிக்கிழமை வரலாம்னுதான் இருந்தோம். மரவள்ளிக்கு ஆள் கம்மி, அப்பாவ வேலைய வுட்டு அனுப்பல. அப்பால ஒரு நாளு நீங்களே வர்றீங்கன்னு பசங்க ஓடியாந்து சொன்னாங்க. அப்பா ஓடிப் போயி டின்ன எடுத்தாந்து என் மடியில வெச்சாரு. ‘டீச்சரு பாடுவாங்க, நீ தட்டு’ன்னு சொன்னாரு. ரெண்டு பேரும் காத்துக்கினு இருந்தோம் டீச்சர்.”

அதற்குள் உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். “வர்றேன் டீச்சர். ஒடம்பப் பாத்துக்கோங்க” என்று கோலைத் தட்டிக்கொண்டு எழுந்து போனாள். அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என் வேலையைப் பார்க்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். தப்புச் செய்வீர்கள். கை காட்டுவீர்கள், அவசரத்தில் பிள்ளையை அதன் குடும்பத்திடமிருந்து பிரித்துத் தனியாக நிறுத்துவீர்கள். அதையெல்லாம் அவர்கள் மன்னிக்கிறார்கள், எனக்கு இப்போது தெரியும். பழியை மட்டும் தூக்கிப் பிள்ளையின் தலையில் போட்டுவிடாதீர்கள்.

வெள்ளிமலைக்குக் காலையில் பஸ் இருக்கிறது. ஏழுமலை வீட்டில்தான் இருக்கிறார். நாலு பாட்டு பாக்கி. போக வேண்டும், போக வேண்டும் என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் போகவில்லை. நீங்களாவது மாட்டிக்கொண்ட அன்றைக்கே பாடிவிடுங்கள்.